மனசு மாறுறவங்க உண்டா மேடம்?

கணவன் மனைவி இருவரும் சம்மதித்துக் கேட்கும் விவாகரத்தில், மனு கொடுத்தபின் வரும் ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் மனு அது. கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிய என் கட்சிக்காரி, வக்கீலான என்னிடம் "அந்த ஆறு மாசத்துல மனசு மாறுறவங்க உண்டா மேடம்?" என்று கேட்டாள்.

"உண்டு. பணம் தர்றேன்னு ஒத்துக்கிட்டவங்கதான் பெரும்பாலும் மாறுவாங்க" என்றேன். சிரித்தாள். அவளுடைய அப்பா வேகமாகத் தலையாட்டினார். கையெழுத்து ஆயிற்று.

நான் சொன்னதில் பொய் இல்லை. பரஸ்பர சம்மத விவாகரத்தில் டிகிரி, அதாவது இறுதித் தீர்ப்பு ஆகும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. எதிர்த்தரப்பு பின்வாங்கினால் நகை, ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் என்று பேசி முடித்ததெல்லாம் முதலிலிருந்து. அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் அமர்தீப் சிங் தீர்ப்பு வந்தபின் அந்த ஆறு மாதம் கட்டாயமில்லை. அதைத் தள்ளுபடி செய்ய, பிரிந்து ஒன்றரை வருஷம் தாண்டியிருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், கொடுக்கல் வாங்கல் தீர்ந்திருக்க வேண்டும். எல்லாமே இவளுக்குப் பொருந்தியது. மனு போடாமல் விட்டிருந்தால் அதைத்தான் தப்பு என்பார்கள்.

ஆனால் அவள் கேட்டது கணவனைப் பற்றியா, தன்னைப் பற்றியா?

அந்த நேரத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை என்று சொல்ல ஆசைதான். லேசாகத் தோன்றியது. அப்பா பக்கத்தில் இருந்தார், எதிர்த்தரப்பு வக்கீல் வராந்தாவில் காத்திருந்தார், பணத்துக்கான வங்கி டி.டி. தயாராக இருந்தது. அந்தக் கேள்வியைக் கிளற எனக்கு என்ன உரிமை? கவுன்சலிங் அறையில் அவளைக் கேட்டார்கள். நீதிபதியும் கேட்டார், "யாராவது வற்புறுத்தினாங்களா?" "இல்லை" என்றாள், தெளிவாக. எத்தனை பேர்தான் ஒரே கேள்வியைக் கேட்பது?

அவர்கள் கேட்டது வற்புறுத்தலைப் பற்றி. அவள் என்னிடம் கேட்டது வேறு. பரஸ்பர சம்மத விவாகரத்துக்கான 13பி பிரிவை இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்த்தபோது அந்த ஆறு மாதத்தை வைத்ததே மனசு மாற இடம் இருக்கட்டும் என்றுதான். அதை நான் எதிராளி தப்பித்து ஓடும் வழியாகவே பார்த்துப் பழகிவிட்டேன். இந்தத் தொழிலில் அப்படிப் பார்க்காதவர்களின் கட்சிக்காரர்கள்தான் கஷ்டப்படுகிறார்கள் என்பதும் உண்மை. அவளுடைய வழக்கு நடந்த அதே வருஷம் இன்னொரு வழக்கில், காத்திருந்து பார்க்கலாம் என்று நானே சொன்னேன். ஐந்தாவது மாதம் கணவன் தரப்பு சம்மதத்தை வாபஸ் வாங்கியது. அந்தப் பெண் இன்னும் குடும்ப நல நீதிமன்றத்துக்கு அலைகிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் முதல் வழக்கில் நான் செய்தது சரி என்று படும். வீட்டுக்கு வந்தால் அந்தச் சமாதானம் நிற்பதில்லை. ஒருத்தி பட்ட பாடு இன்னொருத்திக்கு எப்படிப் பதிலாகும்?

இப்போதெல்லாம் கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "உங்களுக்கு யோசிக்கக் கொஞ்சம் நாள் வேணுமா?" என்று கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் எரிச்சல்தான் படுகிறார்கள். போன மாதம் ஒரு பெண் கோபமாகவே கேட்டாள்: "மூணு வருஷமா யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். நீங்க என் பக்கமா, அவங்க பக்கமா மேடம்?"

உன் பக்கம்தான் என்றேன். அவளுடைய தள்ளுபடி மனுவை அன்றே தாக்கல் செய்தேன்.