செயிண்ட் லூயிஸ், 1906: பந்தை முன்னால் வீசத் துணிந்த அணி

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை முன்னோக்கி வீசும் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தது நோட்டர் டேம் கல்லூரிதான் என்று இன்றும் எழுதுகிறார்கள். 1913 நவம்பர் 1 அன்று வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியின் ஆர்மி அணியை அவர்கள் 35-13 என்று வீழ்த்தியது பெரிய ஆட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே மிசூரி மாநிலத்தின் செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழக அணி அதே ஆயுதத்தோடு ஒரு பருவம் முழுக்க ஆடி முடித்துவிட்டது. 11 ஆட்டம், 11 வெற்றி. எடுத்த புள்ளிகள் 407, கொடுத்தவை 11.

1905 வரை இந்த ஆட்டம் பெரும்பாலும் தள்ளுமுள்ளுதான். மூன்று டவுனுக்குள், அதாவது மூன்று முயற்சிக்குள், 5 கஜம் முன்னேறினால் பந்து உங்களிடமே இருக்கும். 5 கஜத்துக்கு ஓட்டமும் வேண்டாம், தந்திரமும் வேண்டாம்; ஆட்கள் கைகோத்துக்கொண்டு மொத்தமாக மோதினால் போதும். கழுத்தும் மண்டையும் உடைந்தன. 1905 பருவத்தில் மட்டும் 18, 19 பேர் இறந்ததாகப் பத்திரிகைகள் கணக்குச் சொன்னன. அக்டோபர் 9 அன்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேசினார்.

1906-இல் விதிகள் மாறின. மூன்று டவுனில் 10 கஜம் போக வேண்டும். இரு அணி வரிசைகளுக்கும் நடுவே பந்தின் நீளத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும். ஆட்ட நேரம் 70 நிமிடத்திலிருந்து 60 ஆனது. கூடவே, பந்தை முன்னோக்கி வீசலாம் என்ற அனுமதியும் வந்தது.

அனுமதி என்று பெயர்தானே தவிர, அதைச் சுற்றி முள்வேலி. பந்து கிளம்பிய இடத்திலிருந்து பக்கவாட்டில் குறைந்தது 5 கஜம் நகர்ந்த பிறகே வீச வேண்டும். அதைச் சரிபார்க்க மைதானத்தில் நீளவாக்கிலும் கோடு போட்டார்கள். வரிசையின் இரு முனை ஆட்களும் பின்வரிசை ஆட்களும் மட்டுமே பந்தைப் பிடிக்கலாம். கோல் கோட்டுக்கு அப்பால் பிடித்தால் டச்டவுன், அதாவது பந்தோடு அந்தக் கோட்டைக் கடந்ததற்கான புள்ளி, கிடையாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பிடித்து ஓடித்தான் கடக்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, வீசிய பந்து யார் மேலும் படாமல் தரையில் விழுந்தால் வீசிய இடத்திலேயே பந்து எதிரணிக்குப் போய்விடும். முதல் டவுனாக இருந்தாலும் இதே கதைதான். போதாக்குறைக்கு, பிடிக்கப் போகிறவரைப் பந்து வருமுன் தள்ளக் கூடாது என்று இன்றிருக்கிற பாதுகாப்பும் அன்றைக்கு இல்லை.

இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பெரும்பாலான பயிற்சியாளர்கள் ஒதுங்கினார்கள். அதில் தப்பே இல்லை. இரண்டு வீச்சுக்கு ஒன்று தவறினால் உதைத்து ஆடுவதே லாபம். வீச்சு லாபமாக வேண்டுமானால் பத்துக்கு ஏழெட்டாவது கைக்குப் போய்ச் சேர வேண்டும். அப்படிச் சேர்க்கும் வித்தை அப்போது யாரிடமும் இல்லை. பந்தும் ஒத்துழைக்காது: இன்றைய பந்தைவிடப் பருமன், தர்பூசணியை ஒரு கையால் பிடித்து எறிவது போலத்தான். பலர் இரு கையாலும் கீழிருந்து தூக்கிப் போட்டார்கள், அல்லது பக்கவாட்டில் சுழற்றி விட்டார்கள். பந்து காற்றில் தத்தளித்தபடி மெதுவாக வரும். அதற்குள் பிடிப்பவரைச் சுற்றி நாலு பேர் கூடிவிடுவார்கள்.

செயிண்ட் லூயிஸ் பயிற்சியாளர் எடி கோச்செம்ஸ் செய்தது எளிய காரியம். விதி வந்த அதே கோடையில், பருவம் தொடங்குமுன், அணியை விஸ்கான்சினில் உள்ள பியூலா ஏரிக்கு அழைத்துப் போய்விட்டார். அங்கே முக்கிய வேலையே வீச்சுதான். பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவருக்கு, விரல் பற்றிக்கொள்ள அதில் ஒரே இடம்தான் உண்டு என்று தெரிந்தது: தையல் கயிறு. பந்து நடுவில் பருத்து முனையில் ஒடுங்குவதால், முனையை ஒட்டிய இரண்டு தையலுக்கு நடுவே விரல்களைக் கொடுக்கச் சொன்னார். பிறகு தோளுக்கு மேலே கொண்டுவந்து, விடும்போது மணிக்கட்டை ஒரு முறுக்கு. பந்து தன் நீள அச்சிலேயே சுழன்று முனை முன்னாகப் போகும். காற்று அதைப் புரட்டாது. ஒரு மணி நேரத்தில் அணி வீரர் பிராட்பரி ராபின்சன் திரும்பி வந்து 40 கஜம் வீச முடிகிறது என்று கண் பிதுங்கச் சொன்னதாகக் கோச்செம்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

செப்டம்பர் 5, விஸ்கான்சினின் வாகிஷா ஊரில் கரோல் கல்லூரியுடன் ஆட்டம். ஓடி முன்னேறும் வழி அடைபட்டிருந்தது. ராபின்சன் ஜாக் ஷ்னைடருக்கு வீசினார். பந்து தரையில் விழுந்தது, விதிப்படி கரோலுக்குப் போனது. சட்டப்படியான முதல் வீச்சு இப்படி வீணாய்த்தான் போனது. வேறு அணியாக இருந்தால் அன்றோடு அதை மூட்டை கட்டியிருக்கும். இவர்கள் பின்னர் அதே ஷ்னைடருக்கு மறுபடி வீசினார்கள். 20 கஜம், டச்டவுன். ஆட்டம் 22-0.

அதற்குப் பிறகு கான்சாஸ் 34-2 என்று தோற்றது. நவம்பர் இறுதியில், நன்றி நவிலும் நாளில், அயோவாவுடன் 39-0. டச்டவுனுக்கு 5 புள்ளிதான் இருந்த காலம் என்பதை மறந்துவிட வேண்டாம். அயோவா ஆட்டத்துக்கு வந்த நடுவர் ஹாக்கெட் ராணுவ அதிகாரி. அவர் சொன்ன கணக்குப்படி பத்து வீச்சில் எட்டு கைக்குப் போயிருக்கிறது, சராசரியாக 20 கஜம். அந்த முள்வேலி விதியிலும் வீச்சு லாபம் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? கடைசிச் சில வினாடியில் பந்து அயோவாவின் 35 கஜக் கோட்டில் இருந்தது. ஆட்டத்தை முடிக்க நேரக் கணக்காளர் மைதானத்துக்குள் நடந்து வந்துகொண்டிருக்க, 25 கஜம் பறந்த பந்தைப் பிடிப்பவர் முழு ஓட்டத்தில் வாங்கி, அப்படியே கோட்டைக் கடந்தார்.

கிழக்கில் யாருமே வீசவில்லை என்பதில்லை. அந்த நவம்பரில் ஹார்வர்டை யேல் 6-0 என்று வென்றதில் ஒரு வீச்சுக்கும் பங்கு உண்டு. ஆனால் அங்கே அது அவசரத்துக்கு எடுக்கும் ஒரு தந்திரம். செயிண்ட் லூயிஸில் அதுவே ஆட்டமுறை. 1907-இல் கோச்செம்ஸ் இந்த வித்தையை ஸ்பால்டிங் கால்பந்துக் கையேட்டில் விளக்கி எழுதவும் செய்தார். பந்தை இன்னும் நீளமாக, ஒல்லியாக, இலேசாகச் செய்ய வேண்டும் என்றும் வாதாடினார். பெரிய பத்திரிகைகள் நியூயார்க்கையும் பாஸ்டனையும் சுற்றியே இருந்ததால் மிசூரிச் சங்கதி அங்கே எடுபடவில்லை. 1913 ஆட்டத்தில் நோட்டர் டேமுக்காகப் பந்தைப் பிடித்த நூட் ராக்னியே பிற்காலத்தில், முந்தியவர்கள் செயிண்ட் லூயிஸ்காரர்கள் என்று எழுதிவிட்டார்.

விதிக்காரர்களும் தவணை முறையில்தான் இறங்கி வந்தார்கள். 1907-இல், முதல் இரண்டு டவுனில் வீச்சு தவறினால் பந்து பறிபோகாது, 15 கஜத் தண்டனை மட்டும் என்று தளர்த்தினார்கள். 1912-இல் நான்காவது டவுனும், கோல் கோட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்க 10 கஜ இடமும், டச்டவுனுக்கு 6 புள்ளியும் வந்தன. அந்த ஆண்டே பந்தும் கொஞ்சம் ஒல்லியானது. கோச்செம்ஸ் 1908 பருவத்தோடு செயிண்ட் லூயிஸை விட்டுப் போயிருந்தார்.