மஞ்சப்பையில ஒரு புது லுங்கி

"இன்னிக்கும் புள்ளைய இட்டாரலியாம் கண்ணு, காவலுக்கு வர போலீஸ் இல்லியாம்."

வேலூர் வெயில்ல கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில உக்காந்திருந்த அம்மா சொன்னாங்க. அணைக்கட்டு பக்கத்துலேர்ந்து விடியக்காலை பஸ் புடிச்சி வந்திருக்காங்க.

மஞ்சப்பையில மகனுக்கு புது லுங்கி, விலை ஸ்டிக்கர் கூட பிரிக்கல. அதையே தடவிகினு இருந்தாங்க.

2022 கணக்குப்படி நம்ம நாட்டு ஜெயில்ல இருக்கவங்கள்ல நூத்துக்கு 75 பேருக்கு மேல விசாரணைக் கைதிங்க, இன்னும் தீர்ப்பே வராதவங்க. பத்து லட்சம் பேருக்கு 50 ஜட்ஜ் வேணும்னு சட்ட கமிஷன் 1987லயே சொல்லிச்சி, இன்னிக்கும் அதுல பாதி கூட இல்ல.

பட்ஜெட்னா புது வண்டி, கேமரானு தான் பேசுறோம், அதுவும் வேணும் தான், ஆனா ஒரு கைதிய கோர்ட்டுக்கு இட்டுகினு வர ரெண்டு காவலருக்கும் பணம் ஒதுக்கணும்னு யாரு கேக்கறது?

அடுத்த வாய்தா 3 வாரம் கழிச்சி.

லுங்கிய திரும்ப பையில வெச்சிகினு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாங்க.