வேலிமேல் ஒரு மதுரைக்காரன்

ஸ்பானிஷ் படிக்க ஸ்பெயினுக்கு வந்துவிட்டு பாம்ப்லோனா நகரின் சான் ஃபெர்மின் திருவிழாவைப் பார்க்காமல் திரும்பினால் ஊரில் மதிக்க மாட்டார்கள். ஜூலை 7 முதல் 14 வரை தினமும் காலை 8 மணிக்கு மாடுகளைத் தெருவில் அவிழ்த்துவிடுவார்கள்; ஆட்கள் அவற்றின் முன்னால் ஓடுவார்கள். "பேசாமல் டிவியில் பார், நன்றாகத் தெரியும்" என்றார் நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி. கேட்கிற வயதா?

வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், கழுத்தில் சிவப்புத் துணி சகிதம் விடியும் முன்பே நகராட்சிக் கட்டடத்தின் எதிரே வேலியில் ஏறிவிட்டேன். அங்கே இரண்டு வரிசை வேலி. உள்வேலி ஓடுகிறவர்கள் தப்பித்து ஏற. நடுவில் போலீஸும் மருத்துவக் குழுவும். நம்மைப் போன்ற வீரர்களுக்கு வெளிவேலி. கட்டையெல்லாம் முந்தைய இரவின் ஒயின் பிசுபிசுப்பு. பேன்ட் அங்கேயே ரோஸ் கலராகிவிட்டது.

பக்கத்தில் ஒரு பெரியவர். சிஸ்டோரா தொத்திறைச்சி வைத்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்து எந்த ஊர் என்றார். பாடத்தில் படித்த இலக்கணத்தையெல்லாம் திரட்டி ஜல்லிக்கட்டை விளக்கினேன். இங்கே மாட்டைத் தொடவே கூடாது, பின்னால் வரும் மேய்ப்பர்கள் கம்பால் போடுவார்கள். எங்கள் ஊரில் திமிலையே கட்டிப் பிடிப்போம் என்றேன். "பிடிப்போம்" என்று சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. பெரியவர் மரியாதையாக என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்படியென்றால் உனக்கு வேலிமேல் என்ன வேலை?"

நல்லவேளை, ராக்கெட் வெடித்தது. கதவு திறந்தாயிற்று. இரண்டாவது வெடி, எல்லா மாடும் வெளியே. சாந்தோ தொமிங்கோ சரிவிலிருந்து கூட்டம் அலறிக்கொண்டு வந்தது. முன்னால் இருந்தவர் எழுந்து நின்றார். அவர் முதுகு பிரம்மாண்டமான முதுகு. அதற்கு அந்தப் பக்கம் மணிச்சத்தம், குளம்புச் சத்தம், ஒரே ஒரு கொம்பு நுனி. அவ்வளவுதான், போய்விட்டது. சுமார் 850 மீட்டர் ஓட்டமே இரண்டரை நிமிடச் சமாசாரம். நம் எதிரில் கடப்பது சில விநாடி.

வீட்டுக்குப் போனால் பாட்டி சோபாவில் அமர்ந்து, எந்த மாடு எங்கே வழுக்கியது என்று ஸ்லோ மோஷனில் ஒப்பித்தார்.

அதற்கு முன் மாஞ்ஞுவேத்தா என்ற கடையில் சுர்ரோஸ் (எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டம்) வாங்க வரிசையில் நின்றேன். ஓட்டத்தைவிட அதுதான் நீளம். எனக்கு முன்னால் ஒருவர் முழங்காலில் பெரிய கட்டோடு நின்றார். உண்மையிலேயே ஓடியவர்! பயபக்தியோடு, "எந்த மாடு?" என்று கேட்டேன்.

"மாடா? மச்சான் காலை வாரிவிட்டான்" என்று பின்னால் நின்றவரைக் காட்டினார்.