லேப்டாப் ஸ்பீக்கர் கரகரப்பு: ஒரே சத்தத்துக்குள் இரண்டு கோளாறு

ஸ்பீக்கர் கரகரத்ததும் டிரைவரை (ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) அழித்துவிட்டு மறுபடி போடுவதுதான் பலரும் செய்வது. அதற்கு முன் பத்து நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். எப்போது கரகரக்கிறது என்பதுதான் முக்கியம்.

நாங்கள் பார்த்தது ஒரு விண்டோஸ் 11 லேப்டாப். பாட்டு ஓடும்போது அவ்வப்போது 'டப்'பென்று வெட்டியது. சத்தத்தைக் கூட்டினால் கூடவே ஒரு 'கர்ர்'. ஜாக்கில் ஹெட்போனைச் செருகினோம் (புளூடூத் கூடாது, அதன் வழி வேறு). வெட்டு அதிலும் வந்தது, 'கர்ர்' வரவில்லை. ஆக, வெட்டு மென்பொருள் பக்கம். 'கர்ர்' ஸ்பீக்கர் பக்கம்.

வெட்டுக்கு, சவுண்ட் செட்டிங்ஸில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை (ஒலியை மெருகேற்றும் வசதி) அணைத்தோம். ஃபார்மட்டை 24 பிட், 48000 ஹெர்ட்ஸில் வைத்தோம். மாற்றமில்லை. பிறகு பாட்டை ஓடவிட்டு, எந்த டிரைவர் பிராசஸரை அதிக நேரம் பிடிக்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் (LatencyMon) மென்பொருளைப் பத்து நிமிடம் இயக்கியதில் பட்டியலின் உச்சியில் நின்றது என்டிஸ்.சிஸ் (ndis.sys). அது நெட்வொர்க் பக்கத்து டிரைவர். வைஃபையை அணைத்ததும் வெட்டு நின்றது. ஒலிக்கான பஃபரை (ஒலித் தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) சில மில்லிசெகண்டுக்கு ஒருமுறை நிரப்பியாக வேண்டும். ஏதாவது ஒரு டிரைவர் பிராசஸரை அதைவிட நேரம் பிடித்து வைத்தால் பஃபர் காலியாகும். அந்த இடைவெளிதான் 'டப்'. எனவே மாற்ற வேண்டியது ஆடியோ டிரைவரை அல்ல. அந்த மாடலுக்கென்று தயாரிப்பாளர் தளத்தில் இருந்த வைஃபை டிரைவரைப் போட்டதும் சரியானது.

'கர்ர்' அப்படியே இருந்தது. 100 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியை 60 சதவீத வால்யூமில் ஓடவிட்டோம். முழு வால்யூம் வேண்டாம், ஸ்பீக்கருக்குள் இருக்கும் சின்னக் கம்பிச் சுருள் (காயில்) தாங்காது. 300 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் அதிர்வு. பேலன்ஸை வலப்பக்கம் தள்ளினால் இல்லை. எனவே இடது ஸ்பீக்கர்தான். அதன் மேல் உள்ளங்கையால் அழுத்தியும் சத்தம் மாறவில்லை. மாறியிருந்தால் தளர்ந்த ஸ்க்ரூவைத் தேடியிருக்கலாம்.

ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைப் பிடுங்குங்கள். பேட்டரி உப்பியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு அதை மாற்றக் கொடுங்கள். இங்கே பேட்டரி நன்றாகவே இருந்தது. ஸ்பீக்கரின் சவ்வில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தது; உள்ளே காந்தம் இருப்பதால் தூள் தானாக உதிராது. ஏர் கேனால் ஊதக் கூடாது, சவ்வு கிழியும், தூள் இன்னும் உள்ளே போகும். செலோடேப்பின் ஒட்டும் பக்கத்தை மெல்லத் தொட்டுத் தொட்டு எடுத்தோம்.

கையோடு மல்டிமீட்டர் வைத்து ஸ்பீக்கரின் மின்தடையையும் பார்த்துவிடுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் கிட்டத்தட்ட 3.5 காட்டும், எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. சவ்வு கிழிந்திருந்தால் பசை போடாதீர்கள், எடை கூடி ஒலி கெடும். பின்னால் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரைச் சொல்லி ஜோடியாக வாங்குங்கள். இடமும் வலமும் பெரும்பாலும் ஒரே வடிவம் இல்லை.

மூடியைப் போடுவதற்கு முன், ஸ்பீக்கர் ஒயர் பழைய பள்ளத்திலேயே படிந்திருக்கிறதா பாருங்கள். ஒயர் சவ்வில் உரசினாலும் இதே 'கர்ர்' திரும்ப வரும்.