பேராயர் வரும் ஞாயிறு: எபிஸ்கோப்பல் சபையின் திடப்படுத்தல் ஆராதனை

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் எபிஸ்கோப்பல் சபையின் (அமெரிக்காவிலுள்ள ஆங்கிலிக்கன் திருச்சபை) ஆலயம் ஒன்றுக்குப் பேராயர் வரும் ஞாயிறன்று போகிறவர்கள், கூடவே இரண்டு இடங்களையும் தரிசிப்பது நல்லது. வுட்பரி ஊரில் கிளீப் ஹவுஸ் என்ற பழைய குருமனை இருக்கிறது. 1783 மார்ச் 25 அன்று குருமார் சிலர் அங்கே கூடி சாமுவேல் சீபரியைப் பேராயராகத் தெரிந்துகொண்டார்கள். இங்கிலாந்தில் அபிஷேகம் பெற வேண்டுமானால் அரசருக்கு உண்மையாக இருப்பதாகச் சத்தியம் செய்தாக வேண்டும். விடுதலை பெற்ற நாட்டின் குருவால் அது முடியாது. ஆகவே ஸ்காட்லாந்தின் அபெர்டீனுக்குப் போய், 1784 நவம்பர் 14 அன்று அபிஷேகம் பெற்றார். அவருடைய கல்லறை நியூ லண்டன் நகரின் புனித யாக்கோபு ஆலயத்தில் இருக்கிறது.

அவருக்கு முன் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அமெரிக்காவில் ஆங்கிலிக்கன் பேராயர் எவரும் இருந்ததில்லை. குருப்பட்டம் வேண்டுமென்றால் அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டும். சாதாரண விசுவாசிகளோ திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவரின் தலைமேல் பேராயர் கை வைத்து ஜெபிக்கும் சடங்கு) பெறாமலே வாழ்ந்து மரித்தார்கள். பேராயர் தலைமேல் கை வைப்பது எவ்வளவு பெரிய ஈவு என்பது இதை அறிந்தவர்களுக்குத்தான் முழுமையாகப் புரியும். பேராயர் வரும் அன்றைக்கு அவர் விருந்தாளியல்ல, அந்தச் சபையின் மேய்ப்பர். ஆயத்தமெல்லாம் விருந்துக்கூடத்தைவிடப் பீடத்தைச் சுற்றியே நடக்க வேண்டும்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது பேராயர் ஒவ்வொரு சபைக்கும் வர வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். வந்தால் நற்கருணை ஆராதனையை அவரே நடத்திப் பிரசங்கமும் செய்வார். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் ஆகியவை எழுதிய சபைப் பதிவேட்டை ரெக்டரும் (சபையின் பொறுப்புக் குரு) வார்டன்களும் (சபையின் மூத்த நிர்வாகிகள்) அவரிடம் காட்ட வேண்டும். விடுபட்ட பதிவுகளைக் கடைசி நேரத்தில் தேடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது; ஞானஸ்நானச் சான்று இல்லாத ஒருவர் அப்போதுதான் தெரியவருவார். ஆகவே சான்றுகளைச் சில வாரங்களுக்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.

ஞானஸ்நானத்தில் பூசும் கிறிஸ்மா எண்ணெயைப் பேராயர் மட்டுமே பிரதிஷ்டை செய்யலாம். ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் புதிய ஒலிவ எண்ணெயை எடுத்து, வழக்கப்படி சில துளி பரிமளத் தைலம் சேர்த்து, பீடத்தருகே வைத்துவிட வேண்டும். பழைய எண்ணெய் சிக்கு நாற்றம் அடிக்கும். எண்ணெய் பட்ட விரலைத் துடைக்க எலுமிச்சைத் துண்டும் துவாலையும் வேண்டும். மறந்தால் ஜெபப்புத்தகத்தின் தாள்கள் கறைபடும், பாத்திரமும் கையில் வழுக்கும்.

திடப்படுத்தலுக்கு வருகிறவர்கள் மூன்று வகை: புதிதாகத் திடப்படுத்தல் பெறுவோர், வேறு திருச்சபையிலிருந்து ஏற்றுக்கொள்ளப்படுவோர், தங்கள் உறுதிமொழியைப் புதுப்பிப்போர். ஒவ்வொரு வகைக்கும் பேராயர் சொல்லும் வார்த்தைகள் வேறு. வரிசை கலைந்தால் தவறான ஜெபம் வந்துவிடும். பெயரைப் பெரிய எழுத்தில், உச்சரிக்கிறபடியே எழுதிய அட்டையை ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பது நல்லது. ஏனென்றால் ‘ஆண்டவரே, உமது ஊழியராகிய இன்னாரைப் பரிசுத்த ஆவியினால் பலப்படுத்தும்’ என்று பெயரைச் சொல்லித்தான் கை வைப்பார். ஜெபம் அந்த ஒருவருக்கே உரியது. அந்த இடத்தில் பெயர் தடுமாறினால் மனம் வலிக்கும். அவரைப் பேராயர்முன் நிறுத்துபவர் பின்னால் நின்று தோளில் கை வைப்பார். முழங்கால் போட முடியாத முதியவர் நிற்கலாம்.

ஞானஸ்நான உடன்படிக்கையைக் கேள்வி பதிலாகச் சொன்ன பிறகு ஞாயிறு ஆராதனையில் வழக்கமாகச் சொல்லும் நைசீன் விசுவாசப் பிரமாணம் கிடையாது. அப்போஸ்தலர் பிரமாணம் அதற்குள்ளேயே இருக்கிறது. பழக்கத்தில் சபையார் மறுபடி ஆரம்பித்துவிடாதபடி ஆராதனைத் தாளில் குறித்துவிட வேண்டும். திடப்படுத்தல் முடிந்ததும் சமாதான வாழ்த்து.

இன்னும் சில சிறு காரியங்கள். சட்டை மைக்கை மார்புச் சிலுவைக்குப் பக்கத்தில் மாட்டினால் பிரசங்கம் முழுவதும் உரசும் சத்தம்தான். ஜெபத்துக்கு முன் மைட்டரை (பேராயரின் உயர்ந்த தொப்பி) கழற்றி வாங்கவும், மேய்ப்பர் கோலைப் பிடிக்கவும் ஒருவர் அருகில் நிற்க வேண்டும். பவனியில் பேராயர் கடைசியாக வருவார்.

ஞானஸ்நானம் பெற்ற எவரும் நற்கருணை பெறலாம். பெறாதவர் கைகளை மார்பில் குறுக்காக வைத்து ஆசீர்வாதம் கேட்கலாம். நம் ஊர் சி.எஸ்.ஐ. சபையில் பேராயர் கையால் திடப்படுத்தல் பெற்று அங்கே குடியேறியவர்கள் மறுபடி பெற வேண்டியதில்லை. இரண்டும் ஒரே ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் இருப்பவை. ஊர்ச் சபையிலிருந்து மாற்றக் கடிதம் வாங்கி ரெக்டரிடம் கொடுக்கலாம். பேராயர் கையால் ஆசி பெற விரும்பினால், புதுப்பிப்போர் வரிசையில் நிற்கலாம் என்று ரெக்டரிடமே முன்கூட்டிச் சொல்லிப் பெயர் கொடுக்க வேண்டும்.