பச்சை ஐஷேடோ போட்டேன், போட்டோல சாம்பல் வந்துச்சு

ஜனவரில இருந்து வாரத்துக்கு ஒரு கண் மேக்கப் லுக்னு போட்டு பழகிட்டு இருக்கேன். இதுவரைக்கும் 23 ஆச்சு. ஞாயித்துக்கிழமை காலைல வீட்ல எல்லாரும் டிபன் சாப்பிட்டு அவங்கவங்க வேலைய பாக்க போனப்புறம் எனக்கு ஒரு ரெண்டு மணி நேரம் கிடைக்கும், அதுலதான் எல்லாமே. போட்டு முடிச்சு போட்டோ எடுத்து ஈரோட்டுல பார்லர் வெச்சிருக்கற பெரியம்மா பொண்ணுக்கு அனுப்புவேன், அக்கா பாத்து எங்க பிளெண்ட் ஆகல (கலர் ஒண்ணோட ஒண்ணு கலக்கல), எந்த கண்ணுல விங் (கண் ஓரத்துல இழுக்கற வால்) தூக்கிருக்குன்னு சொல்லும். திட்டம் அவ்ளோதான். ஆனா மேக்கப்ப விட போட்டோவும், அந்த போட்டோவ எங்க வெக்கறதுங்கறதும்தான் என் நேரத்த அதிகமா தின்னுச்சுன்னு இப்ப உக்காந்து யோசிச்சா தெரியுது.

ஏழாவது லுக்ல ஆரம்பிச்சது வினை. பச்சைல கட் கிரீஸ், அதாவது இமை மடிப்புல வெட்டின மாதிரி ஒரு கூர்மையான கோடு தெரியற லுக். நம்ம மாநிறத்துக்கு இமை மேல நேரா பவுடர் கலர் போட்டா பாதி கலர் தோலுக்குள்ளயே போயிரும், அதனால முதல்ல கன்சீலர் (தோல் நிறத்த மறைக்கற கிரீம்) மெல்லிசா தடவி செட் பண்ணி, அதுக்கு மேல மினுக்கம் இல்லாத மேட் பச்சை, மறுபடி தட்டையான பிரஷ்ல கன்சீலர் எடுத்து இமை மடிப்ப ஒட்டி ஒரு கோடு வெட்டி, நடுவுல ஈர விரல்ல மின்னற தங்க ஷிம்மர். கண்ணாடில பாத்தா மயில் கழுத்து மாதிரி இருந்துச்சு, சத்தியமா. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினா அக்கா கேக்குது, "ஏண்டி, கண்ணுல என்ன, யாராவது குத்திட்டாங்களா?"

அப்புறம் நானே என் போட்டோவ பாத்தேன். பச்சை எங்க போச்சுனே தெரியல, சாம்பல் கலந்த நீலமா ஒண்ணு இருக்கு, ஷிம்மர் இருந்த இடத்துல வெள்ளையா ஒரு திட்டு.

முதல் தப்பு வெளிச்சம். பெட்ரூம்ல ஒரு பக்கம் டியூப்லைட், இன்னொரு பக்கம் மஞ்ச பல்பு. டியூப்லைட் 6500 கெல்வின், மஞ்ச பல்பு 3000 பக்கம் (வெளிச்சத்தோட நிறத்த சொல்ற அளவு, எண்ணு குறைஞ்சா மஞ்சளா இருக்கும்), ரெண்டும் சேந்து மூஞ்சில விழுந்தா போன் எத வெள்ளைன்னு எடுத்துக்கும் பாவம். கோயமுத்தூர் கிராஸ்கட் ரோட்ல போய் 10 இன்ச் ரிங் லைட் ஒண்ணு வாங்கினேன், கலர் ஓரளவு சரியாச்சு, ஆனா கருவிழில ஒரு வளையல் மாதிரி தெரியுது, ஷிம்மரும் ஒரே பக்கமா மின்னுது. கடைசில கை கொடுத்தது அப்பாவோட வெள்ளை வேட்டி. ஜன்னல் கம்பில ரெண்டு மடிப்பா கட்டி, காலைல ஒம்பதரைக்கு அதுக்கு முன்னாடி உக்காந்தா போதும், ரிங் லைட்டெல்லாம் பிச்ச வாங்கணும். (அப்பா வேட்டிய தேடினார், நான் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்தேன், கீழ் ஓரத்துல கொஞ்சம் ஃபவுண்டேஷன் ஒட்டிருச்சு.) ஃபிளாஷ் மட்டும் போடவே கூடாது, நம்ம சன்ஸ்கிரீன்லயும் பவுடர்லயும் இருக்கற ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு எல்லாம் அந்த வெளிச்சத்த அப்படியே திருப்பி அடிக்கும், மூஞ்சி மட்டும் மாவு பூசின மாதிரி வரும். அப்புறம் செல்ஃபி கேமராவுல பியூட்டி மோடு நமக்கு தெரியாமலே ஆன்ல இருக்கும், அத ஆஃப் பண்ணினப்புறம்தான் நான் போட்ட பிளெண்டிங் எவ்ளோ மோசம்னு எனக்கே புரிஞ்சுது.

சரி வெளிச்சம் ஓகே, அதே பச்சைய மறுபடி போட்டு எடுத்தேன், போன்ல அழகா இருக்கு, அனுப்பினா மறுபடி கொழகொழன்னு. அப்பதான் இது கேமரா பிரச்சனை இல்ல, அனுப்பற வழில யாரோ கலர திருடறாங்கன்னு பட்டுச்சு. வாட்ஸ்அப் படத்த ஜேபெக்ங்கற ஃபைல் வகைல அமுக்கித்தான் அனுப்புது. அப்படி அமுக்கும்போது வெளிச்ச விவரத்த ஓரளவு விட்டுட்டு நிற விவரத்ததான் முதல்ல குறைக்கும், ஏன்னா நம்ம கண்ணு வெளிச்ச வித்தியாசத்த பிடிக்கற அளவுக்கு நிற வித்தியாசத்த பிடிக்காது. ஒரு மலை, ஒரு கோயில் கோபுரம்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க. மேக்கப்புல விஷயமே நிறம்தானே. ரெண்டு கலர் சேர்ற ஓரம் மங்கிரும், சிவப்பு லிப்ஸ்டிக் ஓரம் கசிஞ்ச மாதிரி ஆயிரும், நான் அரை மணி நேரம் டேப் ஒட்டி வெட்டின கோடு காத்துல போச்சு. வாட்ஸ்அப்ல ஹெச்டி பட்டன் வந்தப்புறம் கொஞ்சம் பரவால்ல, ஆனா அப்படியே ஒரிஜினல் போகணும்னா டாக்குமெண்டா அனுப்பணும். நாலு போட்டோ டாக்குமெண்டா அனுப்பினா அக்கா "திறக்கவே மாட்டேங்குது, போனே நின்னு போச்சு"ன்னு திட்டுது.

அதனால ஒரு லிங்க் கொடுத்தா மொத்த ஆல்பமும் வர்ற மாதிரி இடம் தேட ஆரம்பிச்சேன். இதுல எனக்கு ஏற்கனவே ஒரு சூடு இருக்கு. காலேஜ் படிக்கும்போது போட்ட மெஹந்தி டிசைன் போட்டோ அறுபது எழுபது ஒரு இலவச தளத்துல ஏத்தி, போன்ல இடம் இல்லைன்னு இங்க அழிச்சுட்டேன், ரெண்டு வருஷம் கழிச்சு போய் பாத்தா கணக்கே இல்ல. இலவசம்னா இப்படித்தான் நடக்குது பொதுவா. கூகுளோட பழைய போட்டோ தளம் பிகாசா வெப் ஆல்பம் 2016-ல மூடினாங்க. கூகுள் போட்டோஸ்ல அளவில்லாம ஏத்தலாம்னு இருந்தது 2021 ஜூன் 1-ஓட முடிஞ்சுது. இம்கர்னு இன்னொரு படத் தளத்துல 2023 மே மாசம், கணக்கு இல்லாம ஏத்தின பழைய, யாரும் பாக்காத படங்கள எடுக்க ஆரம்பிச்சாங்க.

ஃப்ளிக்கர்ங்கற போட்டோ தளம் எனக்கு ரொம்ப பிடிச்சுது, 2004-ல இருந்து இருக்கு, போட்டோகிராபி ஆளுங்க இடம், படம் நல்லா தெரியும். இலவச கணக்குக்கு 1000 படம், எனக்கு தாராளம். ஆனா அதுல பொதுவுல காட்டாம வெக்கறது 50 தான். என் மூஞ்சி, அதுவும் ஒரு கண்ணுல மேக்கப் போட்டு ஒரு கண்ணுல போடாத மூஞ்சி, ஊரு பாக்கணுமா? ஒரு லுக்குக்கு ஏழு எட்டு படம் எடுக்கறேன், ஏழாவது லுக்லயே 50 தாண்டிரும். விட்டுட்டேன்.

கடைசில கூகுள் போட்டோஸ்தான். 15 ஜிபி, ஜிமெயிலும் டிரைவும் அதுலயே பங்கு கேக்கும், ஆனாலும் படம் ஒண்ணு 4 எம்பின்னு வெச்சா லுக்குக்கு 30 எம்பி பக்கம்தான் ஆகுது, பல வருஷம் தாங்கும். ஒரிஜினல் குவாலிட்டின்னு செட்டிங்ல மாத்தணும், இடத்த மிச்சம் பண்ற ஸ்டோரேஜ் சேவர்ல விட்டா அதுவும் அமுக்கும். இன்னொண்ணு, பொண்ணுங்க முக்கியமா பாருங்க, போன் எடுக்கற போட்டோக்குள்ள எடுத்த இடமும் சேந்து பதிவாகும், எங்க வீட்டு ஜன்னல் வரைக்கும் மேப்ல தெரிஞ்சுது, பாத்ததும் பக்குனு ஆயிருச்சு. ஷேர் பண்ற ஆல்பத்துல லொகேஷன் காட்டறத ஆஃப் பண்ணிட்டேன், கேமராவுலயும் லொகேஷன ஆஃப். மெஹந்தி போன கதை மறுபடி வேணாம்னு மாசக் கடைசில எல்லாத்தையும் தம்பியோட பழைய ஹார்ட் டிஸ்க்ல ஒரு காப்பி. பேரும் "பச்சை கட்கிரீஸ் வலது"ன்னு நானே வெக்கறேன், இல்லன்னா எண்ணு எண்ணா வர்ற பேர்ல எது எந்த லுக்னு யாருக்கு தெரியும்.

போன வாரம் அதே பச்சை லுக்க மூணாவது தடவ போட்டு லிங்க் அனுப்பினேன். அக்கா ஜூம் பண்ணி பாத்துட்டு போன் பண்ணுச்சு. கலர் சூப்பராம். ஆனா இடது கண் கோடு வலதுக்கு மேல ஏறி இருக்கு, கன்சீலர் ஓரத்துல வெடிச்சிருக்கு, புருவத்துக்கு கீழ முடி எடுக்கல, எல்லாம் தெரியுதாம்.

அடுத்த ஞாயிறு அரக்கு கலர்ல ஸ்மோக்கி ஐ, புகை மாதிரி கலைஞ்சு மங்கற லுக். புருவத்த சனிக்கிழமையே முடிச்சுடணும்.