கிளிப் ஆர்ட் சேகரித்த மூன்று நாள்

குழந்தைகளுக்குப் பட அட்டை செய்யலாம் என்று உட்கார்ந்தேன். வேர்டில் பழைய கிளிப் ஆர்ட் பெட்டியை, அதாவது ரெடிமேட் படங்களின் தொகுப்பை, தேடினால், ஆள் இல்லை. 2014 டிசம்பரிலேயே மைக்ரோசாஃப்ட் அதை மூடிவிட்டதாம். எனக்குத் தெரிய இத்தனை வருடம்! சரி, கையிலிருக்கும் லிபர்ஆபிஸில் (வேர்ட் மாதிரியான இலவச மென்பொருள்) நானே ஒரு தொகுப்பு உண்டாக்கிக்கொள்கிறேன் என்று இறங்கினேன்.

முதல் நாள் வீண். இலவசப் படம் தரும் ஒரு தளத்தில் பெரிய பச்சைப் பொத்தானை அழுத்தியதும் பட்டாம்பூச்சி என்ற பெயரில் ஒரு கோப்பு வந்தது. விண்டோஸில் கோப்பு வகையைக் காட்டும் அமைப்பை இயக்கிய பிறகுதான் தெரிந்தது, அது படம் இல்லை, எக்ஸ்இ, அதாவது இயங்கும் நிரல். திறக்காமலே அழித்தேன். படத்துக்கு எதற்கு இன்ஸ்டாலர்? ஜிப்பாக வந்தால் பிரித்துப் போட வேண்டியதுதான், அவ்வளவே வேலை. அடுத்து எடுத்த பிஎன்ஜியில் (புள்ளிகளால் ஆன பட வகை) பின்னணி இல்லை என்று நம்பினேன். அட்டையில் வைத்தால், பின்னணி இல்லை என்பதற்கு அடையாளமாகத் திரையில் காட்டும் சாம்பல் கட்டங்களும் கூடவே வந்தன. யாரோ கட்டங்களையே படமாக வரைந்து வைத்திருக்கிறார்கள்!

இரண்டாம் நாள் ஓப்பன்கிளிப்ஆர்ட் என்ற இணையதளத்தின் பக்கம் போனேன். 2004இல் தொடங்கியது, படங்கள் பொதுவுடைமை, அனுமதி கேட்க வேண்டாம். மற்ற இடங்களில் ‘இலவசம்’ என்பதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘சொந்தப் பயனுக்கு மட்டும்’ என்று இருக்கும். அதைப் படிக்காமல் எடுக்கக் கூடாது. இங்கே பிடித்துப்போனது எஸ்விஜி என்ற பட வகை. 600 பிக்சல் அகலமுள்ள பிஎன்ஜி, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட்டால் இரண்டே அங்குலம்தான். ஆறு அங்குலத்துக்கு இழுத்தால் ஓரமெல்லாம் பிசிறு. எஸ்விஜிக்கு அந்தக் கவலை இல்லை, கோடுகளைக் கணக்காக எழுதி வைத்திருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது. ஆசைக்கு ஒன்றை நோட்பேடில் திறந்தேன். இறக்கையின் நிறம் ஓர் ஆறெழுத்துக் குறியீடாக உள்ளே கிடந்தது. அதை மாற்றிச் சேமித்தேன், சிவப்புப் பட்டாம்பூச்சி நீலமாகிவிட்டது. அன்று மாலை முழுக்க இதே விளையாட்டுதான், அட்டை ஒன்றுகூட ஆகவில்லை.

மூன்றாம் நாள் லிபர்ஆபிஸின் படக் களஞ்சியமான கேலரியில் புதிய தீம் (ஒரு தலைப்பில் படத் தொகுப்பு) ஒன்று திறந்து, கோப்புகளைத் தேடி எல்லாவற்றையும் சேர்த்தேன். சிறுபடங்கள் வரிசையாக வந்து நின்றதும் அப்படி ஒரு திருப்தி. அந்த உற்சாகத்தில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் சுத்தம் செய்து, படங்களை வேறிடத்துக்கு மாற்றினேன். வந்தது வினை. கேலரியில் சிறுபடம் தெரிகிறது, பக்கத்தில் வைக்கப் போனால் வரவில்லை. இப்படிச் சேர்த்தால் கேலரி படத்தை உள்ளே வாங்கிக்கொள்வதில்லை, அது இருக்கும் முகவரியைத்தான் குறித்து வைக்கிறது. தீமை நீக்கிவிட்டு, டாகுமெண்ட்ஸுக்குள் ‘கிளிப்ஆர்ட்’ என்று நிரந்தரமாக ஒரு ஃபோல்டர் போட்டு, அங்கிருந்து மறுபடி சேர்த்தேன்.

இப்போது விலங்குகள், பழங்கள் என்று இரண்டு தீம் தயார். பறவைகள் ஜிப்பிலேயே கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் எண்ணே பெயர், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் வைக்க வேண்டும்.